காதோரத் தழும்பு

விருதுநகர் தோல் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்த கருத்த அக்கா, பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருந்தார். கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் தொங்கிய கன்னங்களை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வார். தோலுக்குள் நூல் செலுத்தி முகத்தைத் தூக்கிவிடும் சிகிச்சை வேண்டுமாம்.

"எங்க வீட்டுக்காரருக்கு மறதி நோய். கல்யாணத்தப்ப இருந்த மொகந்தான் ஞாபகம். என்னையவே யாருன்னு கேக்காக."

உள்ளே போனவர் சீக்கிரமே திரும்பினார். டாக்டர் மறுத்துவிட்டாராம். காது குத்திய இடத்தில் அவருக்குத் தழும்பு உருண்டையாய்த் தடித்திருந்தது. இப்படித் தடிக்கிற உடம்பில் ஊசி நுழைந்த இடமும் தடிக்கலாம், கருத்த தோலில் கருந்திட்டும் தங்கிவிடலாம் என்றாராம்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்காக்கா?"

அந்த உருண்டையைத் தடவிக்கொண்டார்.

"இருட்டுல இதைத் தொட்டுப் பாத்துட்டு எம்பேரச் சொல்லிக் கூப்பிடுறாக. பகல்லயும் கூப்பிடட்டும்னுதான் வந்தேன்."