என் தம்பி போட்ட வெந்நீர்த் தரை

எங்கள் குடும்பத்தில் மைக்கைக் கண்டால் முகம் மலர்கிறவர் ஒருவர்தான். தங்கையின் வீட்டுக்காரர், எங்கள் சின்ன மாப்பிள்ளை அவர்கள். தம்பியின் முதல் வருட நினைவு நாளில் இந்தக் கட்டுரையைச் சபையில் வாசிக்க அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளை கேட்டார். "எதுக்கு மாப்ளே? எல்லாம் நீங்க கூட இருந்து நடந்ததுதானே" என்று சொல்லிவிட்டேன். ஆகவே, மாப்பிள்ளை, அவசரப்படாமல், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள்.

தம்பி பிறந்தது பரமக்குடிக்குத் தெற்கே, ஒரு குடம் தண்ணீருக்கு ஊற்றுத் தோண்டி உட்கார்ந்திருக்கிற ஊரில். நினைவு மலரில் எழுதும்போது 'அவர்' என்று எழுத வேண்டும் என்கிறாள் மகள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவனை 'அவர்' என்றால் படத்துக்குள் இருந்தே சிரித்துவிடுவான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான் தம்பியை வளர்த்தேன், தம்பி தங்கையை வளர்த்தான். பள்ளிக்கூடம் எங்கள் மூன்று பேரையும் தேடவில்லை, நாங்களும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. தண்ணீரே இல்லாத ஊரில் பிறந்தவன் மதுரைக்குப் போய்க் குழாய் வேலை கற்றுக்கொண்டான். பிறகு பஹ்ரைனுக்குப் போனான். தங்கைக்குக் கல்யாணம் ஆன கையோடு மாப்பிள்ளைக்கும் தன் கம்பெனியிலேயே விசா வாங்கிக் கொடுத்தான்.

மாப்பிள்ளை அவர்களுக்குக் கை கொஞ்சம் மெதுவு. வாய் நல்ல வேகம். நாலு அரபிச் சொல்லைப் பொறுக்கிக்கொண்டு சீக்கிரமே ஃபோர்மேன் ஆகிவிட்டார். விசா வாங்கிக் கொடுத்தவன் அவருக்குக் கீழே வேலை பார்த்தான். அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு குளிர்காலம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நானும் பஹ்ரைனில், ஈசா டவுன் என்கிற இடத்தில், மகள் வீட்டில் இருந்தேன். அடுத்த தெருவில் ஒரு அரபி வீடு. அந்த வீட்டு முதலாளியை எல்லோரும் அர்பாப் என்பார்கள். அவருடைய அம்மாவுக்கு நான் சுடுகிற முறுக்கு என்றால் உயிர். அதனால் எனக்கு அங்கே தடையில்லாத போக்குவரத்து. அர்பாபுக்குப் பழைய ஜீப்புகளைப் பிரித்து மாட்டுவதில் பைத்தியம். அதற்காக வீட்டு வளாகத்திலேயே பெரிய பட்டறை ஒன்று கட்டினார். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாதி இருக்கும். குளிர்தேசம் ஒன்றில் படித்தவர் அவர். அங்கே தரைக் காங்கிரீட்டுக்குள் குழாய் ஓட்டி, வெந்நீர் சுற்றவிட்டுத் தரையையே கதகதப்பாக வைப்பார்களாம். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தால் முதுகு குளிராதாம். அப்படி ஒரு தரை அவருக்கு வேண்டும். அந்த வேலை தம்பி கைக்கு வந்தது.

கம்பி வலைக்கு மேலே தம்பி குழாயை ஜிலேபி பிழிந்த மாதிரி வளைத்து வளைத்துக் கட்டினான். நான் முறுக்கு டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அர்பாப் வந்தார். வாடைக்காற்று அடித்தது. கையைத் தேய்த்துக்கொண்டு, காலால் தரையைத் தட்டி, "பாரித்! பாரித் வாஜித்!" என்றார்.

"ரொம்பக் குளிருதுங்கிறார் மாப்ளே. சூடு நல்லா வேணுமாம்" என்றான் தம்பி.

மாப்பிள்ளை அவர்கள் சிரித்தார். "அரபி பேசுறது நானா, நீயா? பாரித்னா குளிர். வெயில்ல முட்டை பொரியுற ஊருய்யா இது. இங்க எவனாவது தரைய அடுப்பாக்குவானா? ஜில்லுன்னு வேணும்ங்கிறார்."

"அவரு நடுங்குறதப் பாருங்க மாப்ளே."

"நீ குழாயப் பாரு. மெஷின நான் பாத்துக்கிறேன். யல்லா, யல்லா! சீக்கிரம்!"

பிறகு என் பக்கம் திரும்பி, "மதினி, உங்க தம்பிக்கு அரபி சொல்லிக்குடுங்க" என்றார். நான் முறுக்கை நீட்டினேன். அந்த வாய் கொஞ்ச நேரமாவது மூடியிருக்கட்டும் என்று.

காங்கிரீட் போட்டார்கள், காய்ந்தது. வெந்நீர் பாய்லர் வர வேண்டிய இடத்தில் தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷின் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் யார் என்று வாசிக்கிறவருக்கே தெரியும். மாப்பிள்ளை, இந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

திறப்பு நாளில் நானும் போயிருந்தேன். அர்பாப் சிநேகிதர்களைக் கூட்டிவந்தார். என் தரையில் படுத்தே தூங்கலாம் என்று பெருமையடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் காலை உள்ளே வைத்தார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி தரை முழுக்க வியர்த்திருந்தது. ஒரு சிநேகிதர் தேநீர்க் கெண்டியோடு வழுக்கி ஜீப்புக்கு அடியில் போனார். பிடிக்கப் போன அர்பாப் பின்னாலேயே போனார். எழுந்தவர் முகத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை அவர்களின் விரல் நீண்டது, தம்பியை நோக்கி.

"அர்பாப், இஸ்னே கல்தி கியா! தப்புப் பண்ணினது இவன்தான்! நான் சூடுன்னுதான் சொன்னேன். இவனுக்கு அரபியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது!"

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து, "என் தப்புதான்" என்றான்.

அன்று மகள் வீட்டு அடுப்படியில் அவனைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"அக்கா, தங்கச்சி இத்தனை வருஷம் கழிச்சு உண்டாகியிருக்கா. இப்பப் போயி அவ புருஷன் கேன்சலாகி வந்து நின்னா தாங்குவாளா? இது அவ காதுக்குப் போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

"அவ காதுக்குப் போகாது" என்று கையில் அடித்துக் கொடுத்தேன். தம்பியின் விசாவைக் கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். கலாஸ், அவ்வளவுதான்.

அவன் போன பிறகு மெஷினை மாற்றி பாய்லர் வைத்தார்கள். அர்பாபின் அம்மா என்னைக் கூப்பிட்டு அந்தத் தரையில் நிற்கவைத்தார். உள்ளங்கால் வழியாகச் சூடு இதமாக ஏறியது. காங்கிரீட்டை எங்கேயும் உடைக்கவில்லை. ஒரு குழாயைத் தொடவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாற்றியது மெஷினை மட்டும். சொந்தக்காரர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை, அந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்: மாற்றியது மெஷினை மட்டும்.

ஊருக்கு வந்த தம்பி மோட்டார் பம்பும் குழாயும் சரிபார்த்துப் பிழைத்தான். நேரம் பார்க்காமல் கூப்பிட்டவர் வீட்டுக்கெல்லாம் போனான். ஆனால் மாப்பிள்ளை ஒவ்வொரு லீவிலும் வந்து, பெட்டியைப் பிரிக்கும் முன்பே கதையைப் பிரித்துவிடுவார். "அரபிக்காரன் சுடு தரை கேட்டா நம்மாளு ஐஸ் தரை போட்டான்ல!" கேட்டவர்கள் சிரித்தார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். 'ஐஸ் தரை' என்பது அவன் பெயராகவே ஆனது. அவனுடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஐஸ் தரைக்காரர் வீடு எது என்று கேட்டுத்தான் வந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருப்பது நாலு பல். மற்றதெல்லாம் இதில் போனதுதான்.

தங்கை போன வருடத்துக்கு முந்தின வருடம் எங்களை விட்டுப் போனாள். தம்பியும் விழுந்து படுத்தான். கடைசி நாட்களில் அவன் கால் இரண்டும் சில்லிட்டுக் கிடந்தன. நான் தவிட்டை வறுத்து, துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து, "பாரித் வாஜித், அக்கா" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அவனைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். மாப்பிள்ளை அவர்கள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "ஐஸ் தரைக்காரன் கடைசியில ஐஸ் பெட்டியிலயே படுத்துட்டான் பாத்தீங்களா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கண்தான் மங்கல், மாப்பிள்ளை. காது நன்றாகக் கேட்கும்.

தங்கை காதுக்குப் போகாது என்றுதான் சத்தியம் செய்தேன். போகவில்லை. இனிமேல் போகவும் முடியாது. சபையில் இருக்கிற உங்கள் காதுகளைப் பற்றி யாரும் சத்தியம் வாங்கவில்லை. அதனால்தான் இது அச்சில் வந்திருக்கிறது. என் தம்பி போட்டது வெந்நீர்த் தரை. நான் அதன் மேல் நின்றிருக்கிறேன். இனி இந்த ஊரில் யாராவது 'ஐஸ் தரை' என்றால், அது அவன் பெயர் இல்லை. யாருடைய பெயர் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பிள்ளைகளுக்கும், அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த எதிர்வீட்டு மருமகளுக்கும், அவன் பொருத்திய குழாயில் இன்றும் தண்ணீர் பிடிக்கிற எல்லா வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தன் வாயாலேயே இதைச் சபையில் வாசித்த மாப்பிள்ளை அவர்களுக்குத் தனி நன்றி.

எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சோறும் குழம்பும் சுடச்சுடத் தயாராக இருக்கின்றன. மாப்பிள்ளையின் இலைக்கு மட்டும் நேற்றே வடித்து எடுத்து வைத்துவிட்டேன். பாரித்.