சுண்ணாம்புக்கு முன் மூன்று ராஜாக்கள்

பாரிவாக்கத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் பழைய மாதா கோவில் இருக்கிறது. திருவிழாவுக்கு உள்ளே முழுவதும் வெள்ளையடிக்கப் போவதாக அங்குள்ள சாமியார் எனக்கு எழுதியிருந்தார். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர்ச் சித்திரமும் அதோடு போய்விடும். நான் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் ஏழு மணி வண்டி. ஆவடிக்கு மூன்றாம் வகுப்பில் நாலணா. யுத்த காலமாயிற்றே, பட்டாள ரயிலுக்கு வழிவிட்டுக் கொரட்டூரில் முக்கால் மணி நேரம் நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆவடியிலிருந்து ஜட்கா, நாலு மைலுக்குப் பத்தணா. சீக்கிரம் போகச் சொல்லி நச்சரித்ததில் ஜட்காக்காரர் திரும்பி, "உன் அவசரம் குதிரைக்கு இன்னா தெரியும் நைனா?" என்றார்.

போய்ச் சேரும்போது பத்தரை. பக்கச் சுவர்கள் வெளுத்திருந்தன. பீடச் சுவர் மட்டும் பாக்கி. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கூரைக் கொட்டகையாக இருந்த கோவிலைச் செங்கல்லால் கட்டியபோது பூந்தமல்லிப் பக்கத்து ஓவியர் ஒருவர் வரைந்ததாம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள். ஒருவருக்கு நவாபின் குதிரைக்காரனைப் போலத் தலைப்பாகை. தொழுவத்துக்குப் பின்னால் ஏரி, பனைமரங்கள். மனிதர் ஒட்டகத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, ராஜாக்களை மாட்டுவண்டியில் அழைத்து வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, இது போகப் போகிறதே என்றும் இருந்தது.

சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு நின்றவள் சூசையம்மாள். மகன் பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருக்கிறான். ஏழு மாதம் அவனிடமிருந்து கடிதமே இல்லை. ஒரு கடிதம் வந்தால் கோவில் முழுவதையும் தன் கையால் வெள்ளையடிப்பதாக நேர்ந்துகொண்டாள். போன வாரம் வந்துவிட்டது.

சாமியார் என்னைத் தனியே அழைத்து, "அருமையான சித்திரம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன்" என்றார். நான் வந்ததே அதற்குத்தான். அந்த அம்மாளுக்கும் காதில் விழுந்துவிட்டது.

"ஒரு செவுத்த உட்டுட்டா நேந்துகினது முழுசாவாது ஐயா. அவன் இன்னும் அங்கதான் கீறான்."

வரைந்துகொள்ள ஒரு மணி வரை நேரம் கொடுத்தால் போதும் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். பென்சில் ஓடவில்லை, இரண்டு ராஜாக்கள்தான் முடிந்தார்கள். மணி ஒன்றானதும் நானே எழுந்து ஒதுங்கினேன்.

போகிறவர்கள் ஆவடியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். திரும்ப நாலரைக்கு வண்டி. பீடச் சுவரில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. சூசையம்மாளைக் கண்டால் அடுத்த கடிதம் வந்ததா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். நானே எழுதிக் கேட்கப் பயமாக இருக்கிறது.