கொக்கியில் இல்லாத பாரம்

சில்லு பூட்டிய சிறு வீடு போன்ற எங்கள் கரவனை இழுக்க வலுவான வண்டி வேண்டும் என்று என் கணவர் பெரிய பிக்கப் ஒன்றை வாங்கி, இழுவைக் கொக்கியும் பூட்டினார். நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். இனி என்ன பயம் என்றிருந்தேன்.

இத்தாலியின் பலெர்மோத் தமிழர்களின் கடற்கரை ஒன்றுகூடலுக்கு அன்று சமையல் எங்கள் பொறுப்பு. போனவுடன் அடுப்பு மூட்டவேண்டுமே என்று, பெரிய சமையல் கிடாரங்களையும் அரிசி மூட்டைகளையும் கரவனின் பின்கதவோரம் நான்தான் அடுக்குவித்தேன்.

வழியில் பகேரியா ஊரைத் தாண்டிய இறக்கத்தில் கரவன் பாம்பு போல் நெளியத் தொடங்கியது. பிறகு பிக்கப்பையே இரண்டு பக்கமும் இழுத்தது. ஸ்டியரிங் அவர் கையில் நிற்கவில்லை.

"பிரேக்கைப் பிடியுங்கோ!" என்று கத்தினேன்.

"பிடிச்சா பிரளும். பேசாமல் இரும்!"

அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். பின்னால் வந்த லொறிக்காரர் விளக்குகளை மினுக்கி, மற்ற வாகனங்களை முந்தவிடாமல் காத்துக்கொண்டு வந்தார். மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கி, ஓரமாக நின்றோம்.

லொறிக்காரர் கொக்கியைக் கழற்றி, கரவனின் முன்முனையை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். கொக்கியை அழுத்த வேண்டிய பாரமெல்லாம் நான் வைத்த இடத்தில், பின்னால் கிடந்தது. கிடாரங்களை முன்னுக்கு நகர்த்த அவரே கை கொடுத்தார்.

பின் இருக்கையிலிருந்து எங்கள் சின்ன மகள் கை தட்டினாள்.

"அன்கோரா, அப்பா! இன்னொருக்கா ஆட்டுங்கோ!"

இப்போதெல்லாம் புறப்படும் முன் அந்த முனையை நானே தூக்கிப் பார்ப்பேன். இலகுவாக எழும்பினால், மகளை வண்டியில் ஏற்றமாட்டேன்.