ஊசிக்கு ஒளியாத என் அபிநயா

என் பெயர் அஞ்சலை. ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம். களை எடுப்பேன், கரும்பு வெட்டப் போவேன். மாரியம்மனை நம்பி வாழும் உங்களிடம் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் அபிநயாவுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்காத வகை. தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். ஊசியைக் கண்டாலே ஓடி ஒளிவாள். பிடித்து அமுக்கித்தான் போடுவோம். "எனக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா இது?" என்று கேட்பாள்.

போன பங்குனியில் நான் இரண்டு நாள் கரும்பு வெட்ட வெளியூர் போனேன். அபிநயா அப்பாவிடம் "அத்த போட்டுட்டாங்க" என்றும், வீட்டில் இருந்த அத்தையிடம் "அப்பா போட்டுட்டாரு" என்றும் சொல்லி ஊசி போடாமலே ஏமாற்றிவிட்டாள். நான் திரும்பியபோது வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, இந்த நோயை எடுத்துக்கோ. இல்லன்னா ஒரு வழியாவது காட்டு." வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது நர்சம்மா என்னைக் கூப்பிட்டார்.

"கல்வராயன் மலையில லீவுக்கு முகாம் போடறாங்க. சர்க்கரை இருக்கற புள்ளைங்களுக்கு மட்டுந்தான். அஞ்சு நாளு. டாக்டருங்க கூடவே இருப்பாங்க. காசு எதுவும் வேணாம். அனுப்பறீங்களா?"

என் வீட்டுக்காரர் கோபப்பட்டார். "நாம கூட இருக்கும்போதே இப்டி ஆயிடுச்சு. மலையில யாரு பாத்துக்கினு இருப்பா?"

எனக்கும் அதே பயம்தான். கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டோம். வெள்ளை வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. பூசாரி இரண்டு பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்தார். பிரித்தால் வெள்ளை அரளி. என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரி, புள்ளைக்குத் துணி எடுத்து வை" என்றார்.

சித்திரையில் அனுப்பினோம். சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் போன் வந்தது.

"அம்மா, இங்க எல்லாருக்குமே ஊசிதாம்மா!"

அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் குரலில் நான் கேட்டதே இல்லை.

கடைசி நாள் அழைத்து வரப் போனோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அபிநயா தானே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். ஊசியில் மருந்தை ஏற்றினாள். தானே வயிற்றில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தது. "எறும்பு கடிச்சா மாதிரிதான் இருக்கும், என் கைய புடிச்சிக்கோ" என்றாள் அபிநயா. என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது ஆடி. பள்ளியிலும் அவளே பார்த்துக்கொள்கிறாள். நோய் போகவில்லை. ஆனால் வீட்டில் அழுகை நின்றது. நான் நிம்மதியாக வேலைக்குப் போகிறேன். இரண்டு கேட்டேன். அம்மன் இரண்டாவதைக் கொடுத்தாள். அது போதும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஊசியை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். அம்மனிடம் மனசைக் கொட்டுங்கள். அவள் யார் வாயிலாகவாவது பதில் சொல்வாள். எனக்கு ஒரு நர்சம்மா வாயிலாகச் சொன்னாள்.