வேலியைத் தள்ளிப் போட்ட பரமேஸ்வரி

பீர்க்கன்கரணையில் நான் கட்டும் காம்பவுண்டுச் சுவர் பக்கத்து மனைக்குள் அரை அடி தள்ளிப் போய்விட்டதாம். "சார், நீங்களே அளந்து பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே டேப்போடு வந்து நின்றார். சுள்ளென்று கோபம் வந்தது. உடனே மலர் அக்கா ஞாபகத்துக்கு வர, கோபம் போன இடம் தெரியவில்லை.

அக்காவோடு பழகிய காலத்தில் நான் தாம்பரத்தில் ஒரு டெலிபோன் பூத்தில் இருந்தேன். வேலை என்ன பெரிய வேலை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, ஊரார் பேசுவதைக் கேட்காதவன் போலக் கேட்பதுதான். கூண்டுக்குள் வியர்வையும் ஊதுபத்தியும் கலந்து மணக்கும். இன்றைக்கும் ஊதுபத்தி வாசனை வந்தால் எனக்கு அக்காவின் குரல் கேட்கும்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்குத் தப்பி வந்து பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்தார். இலங்கையில் யுத்தம் முடிந்தது என்று டிவியில் சொன்ன வருஷம், ஞாயிறு தவறாமல் ஊரிலிருந்த தங்கைக்குப் போன் போடுவார். "ஆர் ஆர் இருக்கினம்?" யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இல்லாமல் போனவர்களின் பெயர்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொள்வார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் பரமேஸ்வரியைப் பற்றிக் கேட்பார். ஊரில் பக்கத்து வீட்டுக்காரி, கூடப் படித்தவள். கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குப் போன குடும்பம். மாதக்கணக்காகத் தகவலே இல்லை.

ஒரு ஞாயிறு கூண்டுக்குள் ஒரே கத்தல். "எங்கட காணிக்குள்ள கதியால் நட்டவளோ? பிடுங்கி எறியடி." கதியால் என்றால் வேலிக்கு நடும் பூவரசங்கொம்பு. வெளியே வந்தவரின் முகமெல்லாம் கண்ணீர். நான் பெரிய மனுஷன் தோரணையில், "விடுங்கக்கா, போலீஸ்ல சொல்லிக்கலாம்" என்றேன்.

"பொலிசோ? உனக்கென்ன விசரே?" பைத்தியமா என்று கேட்டவர் அழுதுகொண்டே சிரித்தார். "பரமேஸ்வரி வந்திட்டாள் தம்பி. பிள்ளையளோட முழுசா வந்திட்டாள். வந்த கையோட வேலியைத் தள்ளிப் போட்டிட்டாள், பழையபடி."

பிறகு வந்த ஞாயிறுகளில் பஸ் ஓடுகிற சேதி வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்ட சேதி வந்தது. வேலியைப் பார்க்கவென்றே அக்காவும் ஊர் திரும்பினார்.

பூத் இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. அந்தக் கண்ணாடிக் கூண்டை எந்தக் காயலான் கடை வாங்கியதோ. போன பொங்கலுக்கு அக்காவே செல்போனில் கூப்பிட்டுக் குறைபட்டுக்கொண்டார்: "இப்ப வேலியெல்லாம் இல்லைத் தம்பி, மதில் கட்டியாச்சு. எனக்கும் பரமேஸ்வரிக்கும் பொழுதே போகுதில்லை."