மூன்று கிகா ஹெர்ட்ஸ் பிடிவாதம்

எந்தப் பெட்டியில் பெரிய எண் எழுதியிருக்கிறதோ அதுதான் நல்ல கம்ப்யூட்டர் என்று நம்பி ஒன்றை வாங்கிவிட்டு, இன்றுவரை அதற்கு வக்காலத்து வாங்கும் மடையன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம்.

போன வாரம் அக்கா மகள் ஆயிஷா லேப்டாப் வாங்கப் புறப்பட்டாள். "மாமா, எத்தனை கோர் பாக்கணும்?" என்று போயும் போயும் என்னிடம் கேட்டாள். மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்கா சட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அந்த எண்ணெய் வாசனையும் சிரிப்பும் என்னை 2006-க்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன. அப்போது ஆயிஷா கைக்குழந்தை. மச்சான் குவைத்தில். மகளை அவர் போட்டோவில் பார்த்ததோடு சரி. அவர் பார்க்கத்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டரே.

"டூயல் கோர் வாங்கு மாப்ளே, அதுல ரெண்டு மூளை," என்று போனில் சொன்னார் மச்சான். சரி என்று பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் உப்பளத்தைத் தாண்டும்வரை ஜன்னல் காற்று உதட்டில் கரித்தது. சைக்கிள் மணியை ஒரே மழைக்காலத்தில் ஊமையாக்கிவிடும் காற்று அது. இந்தக் காற்றில் துருப்பிடிக்கப்போகும் கம்ப்யூட்டருக்கு மூளை ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன?

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்றில் ஒரே கோர், மூன்று கிகா ஹெர்ட்ஸ். மற்றதில் இரண்டு கோர், ஆனால் வேகம் இரண்டு சொச்சம்தான்.

"இதுல ரெண்டு மூளை சார். ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்கும்."

"ஏம்பா, ஒரு கல்லாவுல ரெண்டு மொதலாளி உக்காந்தா கடை உருப்படுமா?"

எங்கள் மளிகைக்கடையில் என்னைப் பெற்ற அத்தாவும் அவர் தம்பியும் ஒரே ஆளுக்குத் தனித்தனியாகப் பருப்புப் பொட்டலம் கட்டியதைக் கண்ணால் பார்த்தவன் நான். மூன்று கிகா ஹெர்ட்ஸ் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்தால் எங்கள் வீடு கல்யாண வீடுதான். அக்கா பெருநாள் புடவை கட்டுவாள். அத்தா அத்தர் பூசிக்கொண்டு வெப்கேமரா முன்னால் உட்காருவார். வாசனை குவைத் வரைக்கும் போகாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. திரையில் மச்சான் படம் ஓடும்போது கம்ப்யூட்டரில் வேறு எதையும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தொட்டால் மச்சான் சிலையாகிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் சீண்டினார்: "என்னா மாப்ளே, உன் ஒத்த மூளை தூங்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. "மூணு கிகா ஹெர்ட்ஸ் மச்சான்! இப்ப பாருங்க!" என்று வைரஸ் ஸ்கேனை ஓடவிட்டேன். போதாதென்று ஒரு பாட்டையும் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆயிஷா கையை விட்டாள். ஓரடி வைத்தாள். இன்னோர் அடி.

"நடக்குறா! என்னங்க, பாருங்க, நடக்குறா!" என்று அக்கா கத்தினாள்.

திரையில் மச்சான் வாயைப் பிளந்தபடி உறைந்திருந்தார். குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது: "எங்க... செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கிறா... இன்னும் நிக்கிறாளே..."

மவுசை உலுக்கினேன். அம்பு அசையவில்லை. படம் உயிர் பெற்றபோது ஆயிஷா தரையில் உட்கார்ந்து பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் லீவில் வந்தபோது அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"டெலிபோன் வயர்ல உப்பு ஏறியிருக்கு" என்று அன்றே அறிவித்தேன். இன்றும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன்.

அந்தப் பெட்டி துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அத்தாவும் இல்லை, அத்தர் வாசனையும் இல்லை. இப்போது ஆயிஷாவின் போனில் எட்டுக் கோர். அப்பாவோடு பேசிக்கொண்டே சுடிதார் தேடுகிறாள், தோழிக்கு மெசேஜ் தட்டுகிறாள், "ம்... சொல்லுங்கத்தா" என்கிறாள். ஒற்றைக் கோர் காலத்தில் பேச உட்கார்ந்தால் பேச்சு ஒன்றுதான் வேலை. பெருநாள் புடவை கட்டிக்கொண்டு பேசினார்களய்யா!

இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று ஆயிஷாவுக்கு முழங்கிவிட்டு, அக்கா பக்கம் திரும்பினேன்.

"நீயே சொல்லுக்கா, அந்த ஒத்த கோர் நமக்கு என்னா கொறை வச்சிது?"

அக்கா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"இவ மொத மொதல்ல நடந்ததை அவரு பாக்கலடா."