ரூல் அக்காவின் முப்பத்தெட்டு விதிகள்

எங்கள் அலுவலகத்தில் அந்த அம்மாளுக்கு ரூல் அக்கா என்று பெயர். பக்கத்து நாற்காலியில் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அவரைப்போல் என் பொறுமையைச் சோதித்தவர் வேறு யாருமில்லை.

மருத்துவமனைகளுக்கான மென்பொருள் எங்களுடையது. எந்த நர்ஸ் எந்த நோயாளியின் குறிப்பைத் திறக்கலாம், எந்த டாக்டர் எதைத் திருத்தலாம் என்பதையெல்லாம் விதிகளாக எழுதி அதில் போட்டு வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் நினைத்தவர் நினைத்தபோது அவற்றை மாற்றுவார்கள். அக்கா வந்துதான் ஒவ்வொரு விதிக்கும் ஜாதகம் எழுத வைத்தார்: பொறுப்பாளர் யார், ஒப்புதல் தந்தவர் யார், எதற்காக இந்த விதி. ஒருமுறை பொறுப்பாளர் ஒருவர் லீவில் இருந்தபோது, தவறான விதி ஒன்று இரண்டு நாள் டாக்டர்களுக்கே பரிசோதனை முடிவுகளைக் காட்ட மறுத்தது. திருத்த ஆளில்லை. உடனே அக்கா இன்னொரு விதி சேர்த்தார். தன் பெயரில் உள்ள விதிகளை வேறொருவருக்கு மாற்றித் தராமல் யாரும் ஒரு வாரத்துக்கு மேல் லீவு எடுக்க முடியாது.

அப்புறம் என்ன, லீவு வேண்டியபோதெல்லாம் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் விதிகளை அக்கா தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வந்து யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. என்னுடையது மட்டும் பதினொன்று. வெட்கக்கேடுதான்.

போன செவ்வாய்க்கிழமை அவருடைய தம்பிக்கு இதய ஆபரேஷன் என்று முடிவானது. வெளியூர் ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை காலை. அந்த மனிதருக்கு அக்காவை விட்டால் நாதியில்லை. ஒரு மாத லீவு கேட்டார். கணினி கைவிரித்தது. உங்கள் பெயரில் முப்பத்தெட்டு விதிகள் உள்ளன என்றது.

மேனேஜரே பதறிப்போனார். “அந்த ரூலையே ஒரு மாசம் நிறுத்தி வச்சிடலாம்மா, நான் ஓகே பண்றேன்.”

“என் லீவுக்காக நானே நிறுத்தச் சொல்லிட்டு, நாளைக்கு வேற யாரைக் கேள்வி கேப்பேன் சார்?”

தலையில் அடித்துக்கொண்டேன். அங்கே தம்பியின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள், இங்கே இந்த அம்மாள் நியாயம் பேசுகிறார்!

“பேசாம கிளம்புங்கக்கா. கம்ப்யூட்டரா வந்து கையைப் பிடிக்கப் போகுது?”

“நான் இல்லாதப்ப திரும்ப ஏதாவது தப்பாச்சுன்னா? அங்கயும் யாரோ ஒருத்தியோட தம்பிதானே படுத்திருப்பான்?”

அவர் சொன்னது நியாயம்தான். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை, விதிகளை வாங்கிக்கொள்ளச் சொல்லி மேசை மேசையாகப் போய்க் கேட்டார். ஒருவன் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தான். இன்னொருத்தி தண்ணீர் குடிக்கப் போனவள் போனவள்தான். நான்கு மணிக்கு பஸ். மூன்றுக்கு அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்தார்.

அடுத்த மாதம் எனக்குப் பதினைந்து நாள் லீவு. மனைவியைக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப் போவதாக மூன்று வருடமாகச் சொல்லி, இப்போதுதான் டிக்கெட் போட்டிருந்தேன்.

“அத்தனையையும் என் பேருக்கு மாத்துங்க” என்றேன்.

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“மாத்துங்கக்கா!”

மாற்றினார். ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினேன். அழுத்திய கையோடு என் திரையில் வந்தது: உங்கள் லீவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த அக்கா குனிந்து அதைப் படித்தார். கண்ணில் இன்னும் ஈரம், முகமெல்லாம் பெருமை.

“பாத்தியா, சரியா வேலை செய்யுது!”

“ஓடுங்கக்கா, பஸ் போயிடும்!” என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக, மறுபேச்சுப் பேசாமல் ஓடினார்.